யார் வாசலில் அடிபம்பு

எங்கள் ஊரில் என்னைப் பொறாமைக்காரி என்று சொல்கிறார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, ஆனாலும் காதுக்கு வந்துவிடுகிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். வானதியைப் போல ஒருத்தியை ஓரகத்தியாகக் கொண்டுவந்து பக்கத்திலேயே குடிவைத்துவிட்டு, பொறாமைப்படாமல் இரு என்றால் யாரால் முடியும்? என் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

நான் அந்த வீட்டின் மூத்த மருமகள், பெயர் அகிலாண்டம். நான் வந்து பல வருஷம் கழித்துத்தான் என் கொழுந்தன் தமிழரசன் இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறார். இவள் பள்ளிக்கூடம் போகும் பெண்ணையும் ஒரு பசுமாட்டையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கிறாள். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. பேச்சும் குறைவுதான். ஆனால் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, “வானதி எங்க, காணும்?” வாங்க என்று கூப்பிட்டவள் நான், காபி கொடுத்தவள் நான், கேட்பதோ அவளை.

பாகம் பிரித்தபோது முன்பக்கம் வேண்டும் என்று கேட்டவள் நான்தான். மாடி வீடு, ரோட்டைப் பார்த்த இரும்பு கேட், ஆழமாகப் போட்ட போர், மோட்டார் எல்லாம் எங்களுக்கு வந்தது. ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகை, பக்கத்துச் சந்து, அந்தச் சந்து முடிகிற இடத்தில் இருந்த அடிபம்பு இவையெல்லாம் அவர்களுக்குப் போயின. “அந்தத் துருப்பிடிச்ச அடிபம்பு எங்களுக்கு எதுக்கு? அவங்களே வச்சுக்கட்டும்” என்று நான் பெரிய மனசோடு சொன்னேன். அப்போது ஊரில் எல்லாரும் மோட்டார் போட்டுவிட்டு அடிபம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வானதி மட்டும் அதை வைத்துக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அதுவே போதும் என்றாள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பெரிய புயல் அடித்தது. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. பக்கத்து டவுன் நன்னிலத்துக்குக் கரண்ட் வந்து வெகு நாள் கழித்துத்தான் எங்கள் ஊருக்கு வந்தது. அந்த நாட்களில் என் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. நான் ஊருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இல்லை. கேட்டைத் திறந்து, நாயைப் பிடித்துக் கட்டி, வீட்டுக்கு ஒரு குடம் என்று நானே நின்று கொடுத்தேன். டீசல் சும்மாவா வருகிறது? நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவில்லையே தவிர, நான் செய்தது சின்ன காரியம் கிடையாது.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி, அடுத்த புயல் வந்தால் யாரையும் எதிர்பார்க்காமல் ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது எப்படி என்று ஊரே கூடி உட்கார்ந்து ஒரு திட்டம் போட வேண்டும் என்றார்கள். அதைக் கூட இருந்து நடத்திவைக்க ப்ரியம்வதா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தாள். அவளுடைய தாத்தா காலத்தில் இங்கே பாதி நிலம் அவர்களுடையது. எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இவள் இஞ்சினியருக்குப் படித்திருக்கிறாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாரையும் பேச விட்டுக் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது, முதலில்.

முதல் கூட்டத்தில் வயல் மோட்டார் விஷயம் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் மோட்டாரைத் தானாக எடுக்கும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மும்முனைக் கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் எடுக்கும், டிரான்ஸ்பார்மர் புகைந்து போகும், பிறகு எல்லாரும் மின்சார ஆபீசைத் திட்டுவோம். இனிமேல் முறை வைத்து ஓட்டுவது என்று முடிவானது. குறுவைக்கு ஆளுக்கொரு இடத்தில் நாற்று விடாமல், ஊருக்கே ஒரே இடத்தில் நாற்றங்கால் போட்டால் ஒரு மோட்டார் ஓடினால் போதும் என்றும் பேசினார்கள். எந்த வயல், யாருடைய மோட்டார் என்று கேட்டபோது எல்லாரும் எங்கள் வயலைத்தான் சொன்னார்கள். நான் உடனே சரி என்றேன். என் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று கண்ணாடி பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். நிறுவனத்தார் சோலார் பலகைகள் கொடுப்பார்கள். அதை ஒரு வீட்டில் மாட்டி, அங்கே குடிதண்ணீர், விளக்கு, போன் சார்ஜ் போடும் வசதி எல்லாம் செய்துவிட்டால், கரண்ட் போனால் ஊர் வந்து ஒதுங்குகிற இடம் அதுதான். எந்த வீடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் மாடி வீடு வேறு யாருக்கு இருக்கிறது? கூட்டம் கூடுவதற்குள் மாடிக்கு வெள்ளையடித்தேன். மாடிமேல் நிழல் விழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் வீட்டோரம் நின்ற வேப்பமரத்தையும் வெட்டச் சொல்லிவிட்டேன்.

“புயலுக்கே நின்ன மரம்டி அது” என்றார் என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு.

“மரம் வேணுமா, ஊருல மரியாத வேணுமா?” என்றேன்.

மரம் போனதும் வீட்டில் வெக்கை தாங்கவில்லை. பகலிலும் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டைக் குறைக்கிற திட்டத்துக்காக மரத்தை வெட்டி, அதனால் கரண்டை இரண்டு பங்கு செலவழித்தவள் நான் என்று டீக்கடை நௌஷாத் சொல்லிச் சிரித்தானாம். அவன் கடை பிரிஜ் எப்போதும் திறந்தே கிடக்கும், அவன் பேசுகிறான்.

மாரியம்மன் கோயில் வாசலில் அடுத்த கூட்டம். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, பெண்பிள்ளைகளை விட்டுக் கோலமாவால் ஊரை வரையச் சொன்னாள் ப்ரியம்வதா. ஆறு, வாய்க்கால், தெரு, கோயில், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீடும் வந்தது. மோட்டார் இருக்கிற வீட்டுக்குச் சிவப்புப் பொடி, விழுகிற நிலையில் உள்ள வீட்டுக்கு மஞ்சள் பொடி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் வீட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். மாடி வீட்டை மாடி வீடாகத்தானே போட வேண்டும்?

வரைந்து முடித்ததும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார்கள்.

“புயல் அடிச்சு கரண்ட் இல்லாம இருந்தீங்க இல்லையா, அப்ப ரொம்ப முடியாம போன நேரத்துல நீங்க யார் வீட்டுக்குப் போனீங்க? அந்த வீட்டு மேல கொட்டைய வைங்க. பேச வேணாம், வச்சா போதும்” என்றாள் ப்ரியம்வதா.

நான் என் கொட்டையை என் வீட்டின் மேலேயே வைத்தேன். நான் வேறு எங்கே போனேன்? பிறகு நகர்ந்து நின்று, வருகிறவர்களுக்கு வழிவிட்டேன். முதலில் நாகம்மாள் வந்தாள். எங்கள் வயலில் காலங்காலமாக நடவு நடுகிறவள், புயலின்போது தினமும் என்னிடம் ஒரு குடம் வாங்கிப் போனவள். குனிந்தாள், என் வீட்டைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் ஓட்டு வீட்டின் மேல் வைத்தாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. கண் தெரியாமல் வைத்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

அடுத்து வந்தவளும் அங்கேதான் வைத்தாள். அதற்கு அடுத்தவனும். நௌஷாத் வந்தான், அவன் வீட்டுக்காரி வந்தாள், மேலத்தெருவிலிருந்து வந்தவர்கள் வந்தார்கள். ஓட்டு வீட்டின் மேல் கொட்டை குவிந்து கோலமாவுக் கோடே மறைந்துவிட்டது. என் வீட்டின் மேல் என்னுடையதோடு ரேஷன் கடைக்காரர் வைத்த ஒன்று கிடந்தது. அவர் ஜெனரேட்டரில் போன் சார்ஜ் போட்டுக்கொண்டவர், நன்றி மறக்காதவர்.

வானதி ஒரு ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது. கொஞ்சம் நிமிர்ந்து, கர்வமாகச் சிரித்துவிட்டால் நாலு வார்த்தை நானும் கேட்டிருப்பேன்.

கடைசி ஆளாக என் வீட்டுக்காரர் வந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டின் மேல் கை நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. கை நகர்ந்தது. ஓட்டு வீட்டுக் குவியலின் மேல் அவருடைய கொட்டையையும் வைத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோயில் வாசலில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

“அங்க உங்களுக்கு என்ன வேல?” என்றேன், அவர் செருப்பைக் கழற்றுமுன்.

“எங்க?”

“நடிக்காதீங்க. புயலப்ப தெனமும் தென்னந்தோப்புக்குப் போறேன், விழுந்த மரத்தப் பாக்கப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?”

“விழுந்த மரம் விழுந்துதான் கெடந்துது. தெனமும் போயி என்னத்தப் பாக்குறது?” என்று சொல்லிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். “அந்தப் புள்ள ஒத்தையா நின்னு பம்பு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. சந்து முச்சூடும் கூட்டம். புள்ளத்தாச்சி நிக்குது, வயசானதுங்க நிக்குது. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடிச்சா கை என்னத்துக்கு ஆவும்? நான் போயி மாத்தி அடிச்சேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா போக விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன்தான். அதற்காக அதை என்னிடமே கேட்பதா? அன்றைக்கு ராத்திரி சமைக்கவில்லை. அவர் சந்து வழியாகப் போய் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாரோ என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் டீக்கடையில் பன் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் ப்ரியம்வதாவும் ஊர்க்காரர்கள் சிலரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாடி உங்களுடையதுதான் தோதாக இருக்கிறது, சோலாரை உங்கள் மாடியில் மாட்டிக்கொள்கிறோம் என்றாள். என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வார்த்தையிலேயே நெருப்பைக் கொட்டினாள்.

“ஆனா விளக்கு, சார்ஜ் பாயிண்ட் எல்லாம் பின்னாடி வானதி அக்கா வீட்டுச் சந்துல வச்சுடலாம்மா. ஒயர் இழுத்துட்டா போச்சு. ஜனங்க பழகின இடம், அடிபம்பும் அங்கயே இருக்கு.”

“என் மாடி, அவ வீட்டுல கூட்டமா?” என்றேன். “நல்லா இருக்கு நியாயம். வேணும்னா உங்க மோட்டார், குழாய், விளக்கு எல்லாம் என் கேட்டுலயே வைங்க. இல்லன்னா மாடி கெடயாது.”

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு நின்னுட்டா இன்னொண்ணு ஓடணும். இந்தத் திட்டத்துக்கே அதுதான் உயிர். வெயில் இல்லன்னா சோலார் கை விட்டுடும். மோட்டார் ரிப்பேர் ஆகும். அடிபம்புக்கு ஆள் கை இருந்தா போதும். அத வச்சுத்தான் மத்ததெல்லாம்.”

அடிபம்பு, அடிபம்பு, அடிபம்பு. நான் வேண்டாம் என்று தள்ளிவிட்ட இரும்பைப் பற்றி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே பாடம். முடியாது என்று சொல்லிவிட்டேன். ப்ரியம்வதா ஊருக்குப் போய்விட்டு வருகிறேன், யோசித்து வையுங்கள் என்று கிளம்பினாள். நாள் கடந்தால் பலகைகள் வேதாரண்யம் பக்கம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பேச்சும் வந்தது. போகட்டும் என்றேன். வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, அது போய்விட்டால் ஊர் என்னைச் சும்மா விடாது என்று உள்ளுக்குள் பயம்தான்.

ஊர்க்காரர்கள் கோயிலில் ஒருமுறை கூடினார்கள். ஆளாளுக்கு என்னைக் கெஞ்சினார்கள். அப்போதுதான் வானதி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“அக்கா சொல்றபடியே செஞ்சுடுங்க” என்றாள். “அடிபம்பையும் கழட்டி அக்கா வாசல்லயே நட்டுடுங்க. எல்லாம் ஒரே எடத்துல இருந்துட்டுப் போவுது. எங்களால ஊருக்கு வர்றது நிக்க வேணாம்.”

“பாத்தியா, என்ன மனசு” என்று நாகம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது கிடைத்தது எனக்கு, பேர் போனது அவளுக்கு. மாடியைக் கொடுக்கிறவள் நான், மோட்டாரைக் கொடுக்கிறவள் நான், நல்ல மனசு அவளுக்காம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. ஆனால் அந்த அடிபம்பு என் வாசலில் நின்றால் இனி யாரும் அந்தச் சந்துக்குள் போக வேண்டியதில்லை என்று நினைத்ததும் சரி என்றுவிட்டேன்.

“அந்தப் பொண்ணு வரட்டுமே, ஒரு வார்த்த கேட்டுக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“மெட்ராஸ்லேருந்து வந்துதான் நம்ம பம்ப நமக்குக் கழட்டணுமா?” என்றேன்.

மறுநாளே போர் போடுகிற சாமிதுரையைக் கூட்டிவந்தேன். பழைய குழாயாச்சே, உருவினால் வருமா என்று அவனுக்கே கொஞ்சம் தயக்கம்தான். பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கிலி கட்டி இழுத்தான். முதலில் வந்தது. பாதி வந்ததும் உள்ளே எங்கோ முறிந்தது. மேல் குழாய் மட்டும் கையோடு வந்தது, அடிக்குழாய் மண்ணுக்குள் நின்றுவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி சரிந்து மூடிக்கொண்டது. வானதியின் பசுமாடு கட்டுத்தறியில் நின்றபடி அதைப் பார்த்துக் கத்தியது.

“என் வாசல்ல புதுசா எறக்கு. தலையும் கைப்பிடியும் நல்லாத்தானே இருக்கு” என்றேன்.

புதுக் குழாய் இறக்கினான். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தான். தண்ணீர் வந்தது. மஞ்சளாக வந்தது. சேறு போனதும் தெளிந்துவிடும் என்று வெகு நேரம் அடித்தான். தெளிந்தது, நான் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். உப்பு. வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகைதான் தூரம். மோட்டார் எடுக்கிற ஆழத்தில் எனக்கும் நல்ல தண்ணீர்தான். கையால் அடித்து எடுக்கிற ஆழத்தில் நல்ல தண்ணீர் அவள் பக்கம் மட்டும் ஓடியிருக்கிறது. மண்ணுக்கடியில்கூட அவளுக்குத்தான் நல்லது என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்ய? சந்தில் திரும்பவும் இறக்கிப் பார்க்கச் சொன்னேன். பழைய குழாய் குறுக்கே நின்றுகொண்டு விடவில்லை. தள்ளிப் போட்ட இடத்தில் வெறும் களிமண் வந்தது.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வானதி குழி இருந்த இடத்தில் மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றித் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு பல நாள் என்னிடம் சாப்பாடு போடு, தண்ணீர் கொண்டா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ப்ரியம்வதா வந்து பார்த்தாள். சந்தைப் பார்த்தாள், என் வாசலில் நின்ற கைப்பிடியில்லாத பம்பைப் பார்த்தாள். கண் கலங்கியது போல இருந்தது. “ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னாள். பிறகு வேறு வழியில்லை என்று எல்லாவற்றையும் என் வீட்டிலேயே வைக்க ஏற்பாடு செய்தாள். மாடியில் பலகைகள் வந்தன. சோலாரில் ஓடுகிற மோட்டார் வந்தது. என் கேட்டுக்குப் பக்கத்தில் ஊருக்கென்று ஒரு குழாய் வைத்தார்கள். நான் நினைத்தது எல்லாம் நான் நினைத்த இடத்தில் நடந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐப்பசியில் ஒத்திகை வைத்தார்கள். புயல் வந்தது போலவே வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க ஊரில் எல்லாரும் மெயினை அணைத்துவிட வேண்டும். பஞ்சாயத்துக் குழாயிலும் அன்றைக்குத் தண்ணீர் விட மாட்டார்கள். ஜெனரேட்டரும் கூடாது. தண்ணீர், விளக்கு, போன் எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே போதவில்லை என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்துவதற்குத்தான் அந்த ஏற்பாடு.

நான் விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டேன். நாயைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து செங்கல்லை அண்டை கொடுத்தேன். சுக்குக் காபி போட்டுப் பெரிய தூக்கில் வைத்தேன். வாசல் நிறையக் கூட்டம் வந்தது. நௌஷாத் வந்தான், மேலத்தெரு வந்தது, எல்லாரும் வந்தார்கள். நானே குழாயடியில் நின்று பிடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு குடம் என்று நான் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்ட அளவு. ‘இப்போது வைக்கட்டும் கொட்டையை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் வானம் மூடிக்கொண்டது. ஐப்பசி மாதத்தில் மூடாமல் என்ன செய்யும்? மழையும் பெய்யவில்லை, வெயிலும் வரவில்லை. மோட்டார் முனகிக்கொண்டே ஓடி நின்றது. தொட்டியில் இருந்தது இறங்க இறங்கக் குழாயில் தண்ணீர் மெலிந்து நூலாக வந்தது. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருத்தராகப் பக்கத்துச் சந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கம். பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று நினைவு வந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ப்ரியம்வதா என் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வானதி வந்தாள். இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். மாட்டுக்குக் காலையிலிருந்து தண்ணீர் காட்டியிருக்க மாட்டாள் என்று அதன் கத்தலிலேயே தெரிந்தது. சந்து வழியாக என் வீட்டுக்குள் வந்திருக்கலாம், உரிமை இருக்கிறது. அவள் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

சொன்னால் என்ன, நான் எத்தனையோ நாள் இதை ஆசைப்பட்டிருக்கிறேன். வானதி கையில் குடத்தோடு என் கேட்டில் நிற்க வேண்டும், ஊர் அதைப் பார்க்க வேண்டும். இதோ நிற்கிறாள், ஊரும் பார்க்கிறது. நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

“வானதி, முன்னாடி வாடி” என்றாள் நாகம்மாள். அவள் வரிசையில் மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோ, வெகு நேரமாக நிற்கிறவள். “மாடு கத்துது பாரு.”

“இருக்கட்டும் பெரியம்மா, என் மொற வரட்டும்” என்றாள் வானதி.

“நீயி மொறயில நிக்கிறவளா?” என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

“வா தங்கச்சி, நான் அப்பறம் புடிச்சுக்கிறேன்” என்றான் நௌஷாத்.

அவள் தலையை ஆட்டினாள். நகரவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, அவள் இடுப்பிலிருந்து குடத்தை உருவி எடுத்தாள். எடுத்துத் தனக்கு முன்னால் நின்றவரிடம் கொடுத்தாள். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ரோட்டிலிருந்து என் கேட்டு வரைக்கும் நின்ற அத்தனை பேரும், தண்ணீர் கிடைக்குமோ கிடைக்காதோ என்று நின்றவர்கள், தங்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் குடத்தைக் கை மாற்றி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் கேட்டில் நின்றிருந்தார். கடைசியாக அவர் கைக்கு வந்தது. என்னிடம் நீட்டினார்.

குழாயடியில் இருந்த குடத்தின் சொந்தக்காரி தானாகவே அதை நகர்த்திக்கொண்டாள். பாதிகூட நிறையவில்லை அது. நான் பச்சைக் குடத்தை வாங்கி வைத்தேன். நூல் போல விழுந்த தண்ணீர் அடியில் படுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நிறையும்வரை ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

என் கேட்டு, என் மாடி, என் குழாய். அதன் கீழே அவள் குடத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். நான் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றால் என் குடத்தை இவர்களில் ஒருத்தர் வாங்குவார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினேன். நான் பார்த்தது கேட்டில் முதல் ஆளாக நின்ற என் வீட்டுக்காரர் முகம் வரைக்கும்தான். அதற்குமேல் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.